உடல் ஏற்க மறுக்கும் அணி

காது குத்துதல் நம் இல்லங்களில் ஒரு விழா. தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்தி ஆசாரி கம்பியை ஏற்றிவிட்டால், சில வாரங்களில் புண் ஆறிவிடும் என்பது நமக்குப் பழகிப்போன செய்தி. அப்பழக்கத்தினாலேயே, உடலில் எங்கு எவ்வணியைப் பொருத்தினும் அதுவும் அவ்வாறே ஆறிவிடும் என்று எண்ணிவிடுகிறோம். சென்ற குளிர்காலத்தில் தில்லியில் என் நண்பர் இல்லத்தில் நேர்ந்த ஒன்று, அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை எனக்கு உணர்த்திற்று.

நண்பரின் மகள் கல்லூரி மாணவி. காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, மார்பின் மேற்புறத்தில், ஒளிவிடும் சிறு கல் ஒன்றைக் கடைத்தெருவில் பொருத்திக்கொண்டாள். வீட்டில் கூறவில்லை. இரண்டு மாதங்கள் கம்பளிச் சால்வை அதனை மறைத்தது. பின்னர் அவ்விடம் சிவந்து, கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தாயார் கண்டபோது முதலில் எழுந்தது சினம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும் என்ற எண்ணம் மூன்று நாள் கழித்தே வந்தது. நண்பர் அலுவலாக வெளியூர் சென்றிருந்தார். அம்மையாருக்கு இந்தி வாராது. ஆகவே துணைக்கு நான் சென்றேன்.

மருத்துவர் பார்த்தவுடன் ‘ரிஜெக்‌ஷன்’ என்றார். அம்மையாரின் முகம் வெளுத்துவிட்டது. “ஏன் அண்ணா, மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு ஏற்காமற் போனால்தானே அப்படிச் சொல்வார்கள்?” என்று வினவினார். பல்லாண்டுகளாகக் கோப்புகளில் அச்சொல்லை ‘நிராகரிப்பு’ என்று மொழிபெயர்த்து வருபவன் நான். அன்று அச்சொல் எனக்குச் சிறிதும் உதவவில்லை. சிறுநீரகத்தில் நிகழ்வது வேறு, தோலில் நிகழ்வது வேறு. இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல் வழங்குவதுதான் குழப்பம். பிறருடைய உறுப்பை அயலது என்று கண்டு, உடலின் காவல் அணுக்கள் தாக்குவது முன்னது. பின்னதோ, காலில் தைத்த முள்ளைத் தோல் நாளடைவில் வெளியே தள்ளுவதை ஒத்தது. ‘வெளித்தள்ளல்’ என்று கூறினேன். அம்மையாருக்கு உடனே விளங்கிவிட்டது.

இது ஏன் காதில் பெரும்பாலும் நேர்வதில்லை? காது மடலின் கீழ்ப்பகுதியில் குத்தும்போது ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருகிறது. இரு வாயில்களிலிருந்தும் மேல்தோல் உள்நோக்கி வளர்ந்து, துளையின் சுவரெங்கும் படர்ந்து, ஒரு சிறு குழாயை அமைத்துவிடுகிறது. குழாய் அமைந்தபின் அணி உடலுக்கு உள்ளே இருப்பதாகாது. தோலுக்கு வெளியே, ஒரு சுரங்கப் பாதையில் இருப்பதாகிறது. ஆகவே உடல் அதனோடு பிணங்குவதில்லை. பாம்படமும் தண்டட்டியும் அணிந்து காதைத் தோள் வரை வளர்த்த நம் பாட்டிமார் இதற்குச் சான்று.

தோலடி அணிக்கு அத்தகைய மறுவாயில் இல்லை. மேல்தோலுக்குக் கீழேயுள்ள உள்தோலில் ஒரு சிறு தட்டையான அடிப்பகுதி புதைக்கப்படுகிறது. அதிலிருந்து எழும் தண்டின் மேல் கல் திருகப்படுகிறது. அடிப்பகுதியில் துளைகள் உண்டு. அவற்றினூடே திசு வளர்ந்து பற்றிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. பலருக்கு அவ்வாறே நிகழ்வதும் உண்டு. ஆயினும் தண்டை ஒட்டி மேல்தோல் கீழ்நோக்கி வளர்வதை எவராலும் தடுக்க இயலாது. அது அடிப்பகுதியின் கீழேயும் படர்ந்துவிட்டால், அணி சிறிது சிறிதாக மேலே தள்ளப்படுகிறது. ஆழம் குறைவாகப் பொருத்தியிருத்தல், உடை உராய்தல், தோல் ஓயாது இழுபடும் இடமாயிருத்தல் ஆகியன இதனை விரைவுபடுத்தும்.

டைட்டானியம் என்றால் அஞ்சவேண்டியதில்லை என்று கடைக்காரர் கூறுவதுண்டு. இதில் பாதி உண்மை. சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் பிரோனமார்க், 1950-களில் முயல்களின் எலும்பில் வைத்த டைட்டானியம் எலும்போடு பிரிக்கவியலாதபடி ஒன்றிவிட்டதைக் கண்டார். 1965-இல் ஒரு மனிதரின் தாடையில் அவ்வுலோகத்தைப் பொருத்தி அதன்மேல் பற்களை அமைத்தார். அந்த உலோகத்தின் நற்பெயர் பெரிதும் அங்கிருந்து வந்தது. எனினும் எலும்பு அசையாதது. தோலோ நாம் கையைத் தூக்கினாலும் அசைவது, அன்றியும் நாள்தோறும் புதிதாக வளர்ந்து உதிர்வது. எலும்பில் நிலைத்தது தோலிலும் நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

வெளித்தள்ளலின் குறிகள் இவை: முன்பு தெரியாத உலோகம் தெரியத் தொடங்கும்; மேலுள்ள தோல் மெலிந்து பளபளக்கும், சிவந்து செதில் உதிரும்; கல் சாயும் அல்லது இடம் பெயரும். பெரும் வலி இராது. இதனாலேயே பலர் காலந்தாழ்த்துகின்றனர். இது தொடங்கியபின் திரும்புவது அரிது. தோலைக் கிழித்துக்கொண்டு தானாக வெளிவரும்வரை காத்திருந்தால் தழும்பு பெரிதாகும். முன்னரே பயிற்சி பெற்றவரைக் கொண்டு எடுத்துவிட்டால் சிறிதாகும். நண்பரின் மகளுக்கு அன்றே எடுத்துவிட்டார்கள்; சில நிமிட வேலை. துவரம்பருப்பளவு தழும்பு நின்றுவிட்டது. இரண்டு வாரம் முன்னதாக வந்திருந்தால் அதுவும் குறைந்திருக்கும் என்று மருத்துவர் கூறியபோது, பெண் தாயைப் பார்க்கவில்லை. தாயும் பெண்ணைப் பார்க்கவில்லை.

சீழ்ப்பிடிப்பு வேறு. முதற்சில வாரங்களில் வெண்மையாகக் கசிந்து பொருக்காக உலரும் நீர் இயல்பானதே. அது சீழ் அன்று. வலி நாளுக்குநாள் மிகுதல், சூடு, பரவும் செம்மை, மஞ்சளோ பச்சையோ கலந்த கெட்டியான சீழ், காய்ச்சல் ஆகியன தோன்றினால் அன்றே மருத்துவரை அடையவேண்டும். அப்போது அணியைத் தாமே கழற்றிவிடுதல் கூடாது. துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடக்கூடும்.

காதின் மேற்பகுதியில் குத்திக்கொள்வோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அங்குள்ளது குருத்தெலும்பு, அதற்குத் தனக்கென இரத்தக் குழாய் இல்லை. கிருமி புகுந்தால் எதிர்க்கும் வலிவு குறைவு. அங்கு அடிக்கடி காணப்படும் சூடோமோனாஸ் என்னும் கிருமிக்குச் சாதாரணமாக உட்கொள்ளும் மருந்துகள் பல பயன்படா. காலந்தாழ்த்தினால் காதே சுருங்கி உருக்குலையும். தவறான இடத்தில் காது குத்தினால் காய்ச்சலும் எரிச்சலும் வீக்கமும் வரும் என்று சுசுருத சங்கிதையே எச்சரித்திருக்கிறது. கடைகளில் காணும் குத்தும் துப்பாக்கியை அழுத்த நீராவியில் முறையாகத் தூய்மை செய்ய இயலாது. அது மழுங்கிய முனையால் திசுவை நசுக்கவும் செய்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படும் புதிய ஊசியே தக்கது.

அரிப்பும் கொப்புளமும் மட்டும் தோன்றுமாயின் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். மலிவான அணிகளிலும் சில வெள்ளைத் தங்க நகைகளிலும் நிக்கல் உண்டு. உலோகத்தை மாற்றினால் பெரும்பாலும் தணியும். ஐரோப்பிய நாடுகள் 1994-இலேயே இதற்குச் சட்ட வரம்பு வகுத்தன.

கீலாய்டு என்னும் தடித்த தழும்பு நம் போன்ற கருநிறத் தோலில் மிகுதி. காயத்தின் எல்லையையும் கடந்து பக்கங்களில் அது வளரும். நண்டின் கொடுக்கைப் போல் பரவுவதால், கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தவர் அலிபேர் என்னும் பிரெஞ்சு மருத்துவர். காது மடலும் மார்பும் தோளும் அதற்கு உகந்த இடங்கள். வெட்டி எடுத்தால் மட்டும் போதாது. பலருக்கு மீண்டும், முன்னினும் பெரிதாக வளரும். தழும்பினுள்ளே ஸ்டீராய்டு ஊசி செலுத்துவதும் அழுத்தம் தருவதும் மருத்துவர் கையாளும் முறைகள். குடும்பத்தில் ஒருவருக்கு இது இருந்தால், தோலடி அணியை நாடாதிருப்பதே நன்று என்பது என் துணிபு.

புண்ணுக்கு மஞ்சளும் எண்ணெயும் வைப்பது நம் வீட்டு வழக்கம். மூக்குத் துளையில் வேப்பங்குச்சி செருகுவோரும் உளர். பெரியோர் மீது மதிப்பு இருப்பினும் இதனை நான் ஒப்பவில்லை. எண்ணெய் அழுக்கைச் சேர்க்கும், குச்சி கிருமியைக் கொணரும். ஸ்பிரிட் புதுத் தோலையே எரிக்கும். கையைக் கழுவிவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்பு நீரால் நனைத்துத் துடைப்பதே போதும். அணியைச் சுழற்றிப் பார்த்தல் வேண்டாம். மதராசிலும் மதுரையிலும் வளர்ந்த நமக்குக் கம்பளி உடையின் குணம் தெரிவதில்லை. வடநாட்டுக் குளிர்காலத்தில் சால்வையின் இழையும் மப்ளரும் அணியில் சிக்கி இழுக்கும். அம்மாதங்களில் பொருத்திக்கொள்ளாமலிருப்பதும், உள்ளே மென்மையான பருத்தி உடுப்பதும் தக்கன.

மொழி தெரியாத ஊரில் மருத்துவரிடம் செல்வோர்க்குச் சில இந்திச் சொற்கள்: சீழுக்கு ‘மவாத்’, வீக்கத்துக்கு ‘சூஜன்’, அரிப்புக்கு ‘குஜ்லி’, எரிச்சலுக்கு ‘ஜலன்’, காய்ச்சலுக்கு ‘புகார்’. புகார் என்றவுடன் மனு எழுத வேண்டாம். அணி பொருத்திய நாள், உலோகம், வீட்டில் எவருக்கேனும் தடித்த தழும்பு உண்டா என்பது, தனுர்வாத ஊசி கடைசியாகப் போட்டது எப்போது என்பது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.