கணக்கர் அமரும் நாற்காலி

மண்வெட்டிக்குப் பிடி போடும் உழவர் தம் உயரத்துக்கு ஒத்த அளவில் அதனை அமைத்துக்கொள்கிறார். குழித்தறியில் நெய்பவரும் குழியின் ஆழத்தையும் பலகையின் உயரத்தையும் தம் கால்களுக்கு இசையச் செய்துகொள்கிறார். ஆனால், இவ்விருவருடைய வரவு செலவுகளையும் எழுதிவரும் சங்கக் கணக்கருக்கோ, என்றோ எவருக்கோ வாங்கிப் போட்ட நாற்காலியே வாய்க்கிறது. அஃது அவருக்குப் பொருந்துகிறதா என்று வினவுவார் இல்லை.

ஆண்டுக் கணக்கு முடிக்கும் சமயத்தில் நாம் ஒரு சங்கத்துக்குச் சென்றிருந்தோம். அங்கிருந்த கணக்கரால் மேசையைப் பற்றிக்கொள்ளாமல் எழுந்திருக்க இயலவில்லை. நாற்காலி தாழ்வாக இருந்தமையால் அதன்மேல் பழைய பேரேடுகள் இரண்டை வைத்து அமர்ந்திருந்தார். அதனால் கால்கள் தரையில் படாமல் தொங்கின. நிர்வாகக் குழுவினர் ஒருவர், “உட்கார்ந்து செய்யும் வேலைதானே!” என்று நகைத்தார். உடலுழைப்பிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அங்ஙனம் எண்ணுவது இயல்பே; எனினும் அவ்வெண்ணம் பிழையானது.

இத்தாலிய மருத்துவரான பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளரின் நோய்களைக் குறித்து 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலை 1713இல் விரிவாக்கினார். அதில் நெசவாளருக்கும் எழுத்தருக்கும் தனித்தனியே இடமளித்துள்ளார். ஓயாது அமர்ந்திருத்தல், கையை ஒரே வகையில் இடைவிடாது அசைத்தல், கணக்கில் பிழை நேர்ந்துவிடுமோ என்னும் மனக்கவலை ஆகிய மூன்றையும் எழுத்தரின் நோய்க்குக் காரணங்களாக அவர் கூறினார். மூன்றாவது காரணத்தை நம் கணக்கர்கள் நன்கு அறிவார்கள்.

முதுகெலும்பு நேரான கழி அன்று. இடுப்புக்கு மேலே அஃது உள்நோக்கி வளைந்துள்ளது. கூனி அமரும்போது அவ்வளைவு மறைந்து, எலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகளின் முன்பகுதி நசுக்கப்படுகிறது; பின்புறத் தசைநார்கள் இழுபடுகின்றன. தலையின் எடையோ சுமார் 5 கிலோ. நிறைகுடத்தை இடுப்போடு அணைத்துச் செல்வதற்கும் கையை நீட்டிப் பிடித்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு நம் இல்லத்துப் பெண்டிர் அறிந்ததே. தலை முன்னே நீளும்போது கழுத்தின் தசைகள் படும் பாடும் அத்தகையதே.

ஆதலின் உள்ளங்கால்கள் தரையில் முழுதும் படியவேண்டும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். தோளை உயர்த்தாமல் முழங்கையை மடக்கினால் முன்கை மேசை மட்டத்தில் அமையவேண்டும். பெரும்பாலான மேசைகள் சுமார் 30 அங்குல உயரம் உள்ளவை. குள்ளமானவர் இருக்கையை உயர்த்திக்கொண்டு காலடியில் ஒரு பலகையை இடுவதே வழி. கணிப்பொறித் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலும், திரை ஒரு கை நீளத் தொலைவிலும் இருத்தல் நலம். மடிக்கணினியாயின் அதனைப் பெட்டியின் மீது உயர்த்தி, தனி விசைப்பலகை வைத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் அமைந்துவிட்டால் நாள் முழுதும் அசையாது அமரலாம் என்று எவரும் கருதவேண்டா. முதுகு வட்டுகளின் பெரும்பகுதியில் இரத்தக் குழாய்கள் இல்லை. அருகிலிருந்து ஊறிவரும் ஊட்டமே அவற்றுக்கு ஆதாரம், அவ்வூறலுக்கு உடலின் அசைவு துணை. எத்துணைச் சிறந்த இருக்கையாயினும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நான்கடி நடப்பது அவசியம். அங்கத்தினர் வரும்போது கணக்கர் எழுந்து நின்றே பேசுவாராயின் அதுவும் பயனுடையதே. (அதனை மரியாதைக்காகச் செய்வதாக அங்கத்தினர் எண்ணிக்கொண்டால் நமக்கு நட்டமில்லை.)

மேற்சொன்ன சங்கத்தில், தறி செப்பனிடும் தச்சரே இரு மரத்துண்டுகளால் கால்மணை ஒன்று செய்து கொடுத்தார். பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னே வைத்துக்கொண்டார் கணக்கர். வலி முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆயினும் இப்போது பற்றுதலின்றி எழுகிறார். புதிய நாற்காலிக்கான தீர்மானம் இரண்டு கூட்டங்களாக ஒத்திவைக்கப்பட்டு வருகிறது.

வலி காலுக்குள் இறங்கினாலோ, கைகால் மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ நாற்காலியை மாற்றிப் பார்த்துக் காலந்தாழ்த்தாது மருத்துவரை அணுகவேண்டும். அவற்றுடன் சிறுநீர், மலம் அடக்க இயலாமையும் நேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.