செயற்கை எறும்பு மனை

எறும்பினைக் காணாது கழியும் நாள் நமக்கு இல்லை. எனினும், நாம் காண்பது இரை தேடி வெளிப்போந்த தொழிலாளிகளை மாத்திரமே. அரசி முட்டையிடுதல், குடம்பிகளுக்கு உணவூட்டுதல், கூட்டுப்புழுக்களை இடம் மாற்றுதல் ஆகிய யாவும் நிலத்தின்கீழ் இருளில் நிகழ்வன. மண்வெட்டி கொண்டு கிளறுவோமாயின் நாம் காண்பது அக்குடியின் அழிவேயன்றி வாழ்வு அன்று. குடியைக் குலைக்காது அதன் உள்வாழ்வை நோக்குதற்கு அமைந்த கருவியே செயற்கை எறும்பு மனை. அதனை வீட்டிலோ வகுப்பறையிலோ எளிதில் ஆக்கும் முறையையும், அம்முறைக்குரிய நியாயங்களையும் இக்கட்டுரை எடுத்துக்கூறும்.

இத்துறையில் முன்னோடியாக விளங்கியவருள் ஒருவர் ஆங்கிலேயரான ஜோன் லபக் (1834–1913). அவர் இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே, எறும்பு நடமாடுதற்குப் போதிய அளவே இடைவெளி விட்டு, அதனுள் மென்மண் நிரப்பி எறும்புகளைக் குடியேற்றினார். அவர் பேணிய அரசி ஒன்று 1874 முதல் 1888 வரை அம்மனையில் வாழ்ந்தது. நிறமாலையை மனையின்மீது வீழ்த்தியபோது எறும்புகள் தம் கூட்டுப்புழுக்களை ஊதா நிறப் பகுதியினின்றும், நம் கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த கதிர் வீழும் பகுதியினின்றும் அகற்றிச் சிவப்புப் பகுதிக்குக் கொண்டுசென்றன என்பதையும் அவர் கண்டார். பிரான்சு நாட்டவரான சார்ள் ஜானே (1849–1932) மண்ணுக்குப் பதிலாகச் சாந்துக் கட்டியில் அறைகளை அமைத்து, ஒரு முனையை மாத்திரம் நனைத்தார். ஈரம் அம்முனையினின்றும் படிப்படியாகக் குறைந்து செல்ல, எறும்புகள் தமக்கு ஏற்ற அறையைத் தாமே தெரிந்துகொண்டன. இன்று பலரும் ஆக்கும் மனை இவ்வழியில் வந்ததே. இருள், ஈரம் என்னும் இரண்டையும் நாம் வற்புறுத்தித் திணித்தல் ஆகாது. தெரிவு எறும்புக்கே உரியது என்பது இதன் அடிப்படையாகும்.

இனி, ஆக்கும் முறையைக் காண்போம். தட்டையான அடியையுடைய பிளாத்திக்குப் பெட்டி ஒன்றினுள், பிசைந்த களிமண்ணால் மூன்று நான்கு அறைகளின் உருவையும் அவற்றை இணைக்கும் வழிகளின் உருவையும் அமைத்து அடித்தளத்தில் அழுத்துக. ஒரு வழி பெட்டியின் பக்கச் சுவரைத் தொடுதல் வேண்டும், அதுவே வாயில். சிறிய எறும்பாயின் அறையின் ஆழம் அரைச் செ.மீ. போதும், கட்டெறும்பாயின் 1 செ.மீ. வேண்டும். மறுமுனையில், அறைகளுக்கு 2 செ.மீ. அப்பால், தனியே ஒரு களிமண் உருண்டையை வைக்க, அது நீர்க்குழியாகும். பின்னர் 1 பங்கு நீரில் 2 பங்கு பாரிசுச் சாந்துத் தூளைத் தூவிக் கலக்கி, களிமண் உருக்கள் மூழ்குமாறு வார்க்க. சாந்து இறுகும்போது சூடேறுமாதலின் அதனைக் கையால் அளைதல் கூடாது. இறுகியபின் கட்டியைப் பெயர்த்து, களிமண்ணை நீக்கிச் சில நாள் உலரவிடுக. அறைகளை மாத்திரம் மூடுமாறு கண்ணாடித் தகட்டைப் பொருத்துக. நீர்க்குழி வெளியே நிற்றல் வேண்டும். அதில் வாரத்துக்கு ஓரிரு முறை சிறிது நீர் விட்டால் சாந்து அதனை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியில் நீர்த்துளிகள் படியுமாயின் ஈரம் மிகுந்ததென அறிக.

வாயிலினின்றும் ஒரு குழாய், இரை வைத்தற்குரிய திறந்த பெட்டியொன்றுக்குச் செல்லுதல் வேண்டும். அதன் விளிம்பின் உட்புறத்தில் எண்ணெய் தடவலாம். அல்லது உணவு அலுமாரியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தும் நம் வீட்டு வழக்கத்தைப் பின்பற்றி, பெட்டியை நீர்த்தட்டின் நடுவே வைக்கலாம். சர்க்கரை கரைத்த நீர் தொழிலாளிகளுக்கு உணவு. குடம்பிகளின் வளர்ச்சிக்குப் புரதம் இன்றியமையாததாகலின் இறந்த சிறு பூச்சிகளும் வேண்டும். எஞ்சிய உணவைப் பூஞ்சணம் பற்றுமுன் அகற்றுக.

குடியமைத்தற்கு அரசி வேண்டும். மழை பெய்தபின் இறகுள்ள எறும்புகள் பறந்து புணர்ந்து, பெண்ணெறும்பு நிலத்தில் இறங்கி இறகுகளை உதிர்க்கும். அவ்வேளை வெளிப்படும் ஈசல் கறையானினத்தது. ஒடுங்கிய இடையுடையதே எறும்பு. இறகுதிர்த்த அரசியை ஒரு சோதனைக் குழாயில் இடுக. குழாயின் அடியில் நீரும், அதனைத் தடுத்து நிற்கும் பஞ்சும், வாயில் மற்றொரு பஞ்சும் இருத்தல் வேண்டும். கட்டெறும்பு முதலிய பல இனங்களின் அரசி அப்போது இரை நாடுவதில்லை. இனிப் பயன்படாத தன் இறகுத் தசைகளையே கரைத்து முதற் குடம்பிகளை ஊட்டும். ஆதலால் முதற்றொழிலாளிகள் தோன்றும்வரை, ஒரு மாதமோ அதற்கு மேலோ, குழாயை இருளில் அசைக்காது வைத்திருத்தல் வேண்டும். நாள்தோறும் எடுத்து நோக்கும் ஆவலே பல குடிகளைத் தொடக்கத்திற் கெடுப்பது. தொழிலாளிகள் சில பத்தாகப் பெருகியபின் மனைக்கு மாற்றலாம்.

மனை அமைந்தபின்னரே மாணவனின் வேலை தொடங்குகின்றது. கண்ணாடியின் ஒரு பாதியைச் சிவப்புத் தாளாலும், மறு பாதியை நீலத் தாளாலும் மூடி, குடம்பிகள் எப்பக்கம் கொண்டுசெல்லப்படுகின்றன என்பதை நாள்தோறும் எண்ணிக் குறிக்கலாம். பின்னர்த் தாள்களை இடம் மாற்றி மீண்டும் எண்ணலாம். நீர்க்குழி உலர்ந்த நாளிலும் நனைந்த நாளிலும் முட்டைகள் இருக்கும் அறையை ஒப்பிடலாம். நூலிற் படித்த விடையை எழுதுதல் வேறு. உயிரை வினாவி அதன் விடைக்குக் காத்திருத்தல் வேறு.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். மனை விளையாட்டுப் பொருள் அன்று. அதனுள் வாழும் அரசி, மாணவன் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னும் வாழக்கூடும். ஆதலின், தத்தம் வளவில் எளிதிற் கிடைக்கும் இனத்தையே பேணுக. வேண்டாதபோது எடுத்த இடத்திலேயே விடுக. பிறநாட்டு இனங்களைக் கொணர்தல் தகாது. 1893இல் எமெரி என்பார் விவரித்த அனெயூரெற்றசு சிமோனி என்னும் எறும்பு, தன் உபகுடும்பத்தில் இன்று எஞ்சியுள்ள ஒரே இனமாக, இலங்கையின் காடுகளில் மாத்திரம் வாழ்கின்றது. அத்தகைய உயிர்களைப் பிடித்து அடைத்தலன்று, அவை வாழும் காட்டைக் காத்தலே நம் கடன். சாந்துக் கட்டிக்குள் ஒரு சிறு குடியைப் பேணி வளர்த்தவன் அக்கடனைப் பிறர் சொல்லாமலே உணர்வான்.