பிளாப் தேறிய பிறகுதான் கேள்வியே தொடங்குகிறது

லண்டனில் நார்தர்ன் ரயில் பாதையின் தெற்குக் கடைசி நிலையம் மோர்டன். அங்கிருந்து மூன்றாம் நிலையத்தில் இறங்கினால் டூட்டிங்கின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை. மோர்டனுக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் செயின்ட் ஹெலியர் மருத்துவமனை. இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஊரிலிருந்து எம்.பி.பி.எஸ். முடித்து வந்த தம்பியோ அக்கா மகளோ தங்கி, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வுக்குப் படிப்பதுண்டு. அவர்களுக்கும், ஊரில் கடன் வாங்கிப் பணம் அனுப்பும் பெற்றோருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்.

பிளாப் தேறினால் ஜி.எம்.சி. எனப்படும் பொது மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு வேறு, வேலை வேறு, நிபுணராக்கும் பயிற்சி இடம் வேறு. 2019 அக்டோபரில் வெளிநாட்டு மருத்துவர்களும் உள்நாட்டவர்களோடு சமமாகப் பயிற்சி இடங்களுக்குப் போட்டியிட வழி திறந்தது. 2025இல் சுமார் 10,000 இடங்களுக்கு 30,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அந்த ஜூலையில் வெளியான பத்தாண்டு சுகாதாரத் திட்டத்தில், பிரிட்டனில் படித்தவர்களுக்கும், அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.இல் கணிசமான காலம் பணியாற்றியவர்களுக்கும் முன்னுரிமை என்று அரசு அறிவித்தது. 2026 ஜனவரியில் அதற்கான மசோதாவும் நாடாளுமன்றத்துக்கு வந்தது.

தான் செலவழித்துப் படிக்கவைத்த பிள்ளைகளை ஒரு நாடு முதலில் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் தேர்வுக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, பாதி வழியில் கதவைச் சாத்துவது அநியாயம்.

இது முன்பும் நடந்தது. வேலை அனுமதி இல்லாமலே பயிற்சி பெறும் வசதியை 2006 ஏப்ரலில், சில வார அவகாசத்தில் நிறுத்திவிட்டார்கள். உயர்திறன் குடியேற்றத் திட்டத்தில் ஏற்கெனவே இருந்தவர்களையும் ஒதுக்கும்படி சுகாதாரத் துறை மருத்துவமனைகளுக்கு வழிகாட்டியது. இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கமான பாப்பியோ வழக்குத் தொடுத்தது. அந்த வழிகாட்டுதல் சட்டவிரோதம் என்று பிரபுக்கள் சபை 2008 ஏப்ரல் 30இல் தீர்ப்பளித்தது. குடியேற்ற விதி மாற்றமோ அப்படியே நின்றது. தீர்ப்பு வருவதற்குள் பலர் மூட்டை கட்டிவிட்டார்கள். நியாயம் கிடைத்தாலும் போன இரண்டு ஆண்டு திரும்பவில்லை.

ஆகவே விமானச் சீட்டு வாங்கும் முன் அந்த ஆண்டின் முன்னுரிமை விதியையும், துறைவாரியாக வெளியாகும் போட்டி விகிதத்தையும் பாருங்கள். பயிற்சி இடம் கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. மருத்துவமனை நேரடியாக அமர்த்தும் பணியில் சேர்ந்து, அனுபவச் சான்றுகளைத் திரட்டி, போர்ட்ஃபோலியோ பாத்வே வழியாக நிபுணர் பட்டியலில் ஏறலாம். நீண்ட வழிதான். வேலை கிடைக்கும் முன் சிலர் சேரும் கிளினிக்கல் அட்டாச்மென்ட் என்பது சம்பளமில்லாமல் பார்த்துக் கற்பது. அதற்காக வருகையாளர் விசாவில் வந்தவர் நோயாளிக்குச் சிகிச்சை தரக்கூடாது.

வேலை கிடைத்தபின் ஒப்பந்தத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்களே எழுத்தில் விலக்குக்குச் சம்மதிக்காதவரை, சராசரி வேலைநேரம் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். பயிற்சி மருத்துவர் அட்டவணைக்கு மேல் உழைத்தால் எக்ஸெப்ஷன் ரிப்போர்ட் போடலாம். அதைக் கவனிக்க, பாதுகாப்பான வேலைநேரத்துக்கான கார்டியன் ஒருவர் இருக்கிறார். பயிற்சி இடத்தில் இல்லாதவருக்கும் அது பொருந்துமா என்பதை அவரவர் ஒப்பந்தம்தான் சொல்லும். பாகுபாடு, மிரட்டல் என்றால் தேதியோடு குறித்துவைத்து, மருத்துவர்களின் தொழிற்சங்கமான பி.எம்.ஏ.விடம் தாமதிக்காமல் போங்கள். வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் முறையிடுவதற்கான காலக்கெடு குறுகியது. விசா போய்விடுமோ என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. ஸ்பான்சர் வேலை போனாலும் அன்றே வெளியேற வேண்டியதில்லை. உள்துறை கடிதம் அனுப்பிய பிறகு வழக்கமாக 60 நாள் அவகாசம் உண்டு.

பிரிட்டனில் வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வாங்குவது சட்டப்படி குற்றம். விசா ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞராகவோ, குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். பதிவு இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், அவர் சொந்தக்காரரே ஆனாலும், பணம் கொடுக்காதீர்கள்.