பள்ளி வாயிலும் மாற்றுத்திறன் சிறுமியும்: சிறுவர் புனைகதையில் இடைநிலைப்பள்ளி நுழைவு

முன்னுரை

சிறுவர் புனைகதைகளில் பள்ளிக்கூடம் மிகுதியாக இடம்பெறும் களங்களுள் ஒன்றாகும். அதிலும் தொடக்கப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குள் அடியெடுத்து வைக்கும் பருவம் கதையாசிரியர்களுக்கு வாய்ப்பான பொருளாக அமைகின்றது. பழகிய ஆசிரியரும் பழகிய தோழியரும் பின்தங்க, அறியாத பெருங்கூட்டத்தினுள் ஒரு பிள்ளை தனித்து நுழைகிறாள். அப்பிள்ளை மாற்றுத்திறனாளியாகவும் இருப்பின் அந்நுழைவு எவ்வாறு சித்திரிக்கப்படுகிறது? அவளை வாயிலுக்கு உள்ளே கொண்டுவரக் கதையாசிரியர்கள் என்ன விலை கேட்கின்றனர்? இவ்வினாக்களை முன்னிறுத்திச் சில உலகப் புனைகதைகளையும், அவற்றின் ஒளியில் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ச் சிறுமியின் நிலையையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பார்வையும்

உடற்குறை குறித்த சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எட்டு வகைப் பிறப்புகளை எண்ணி, அவற்றைப் பயனற்ற எச்சங்கள் எனக் கருதிய அக்கால எண்ணத்தைப் பதிவு செய்துள்ளார். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்திலோ (குறள் 618) வேறொரு குரல் கேட்கிறது. அங்கு ஆளப்பட்ட ‘பொறி’ என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். உடலுறுப்பு எனக் கொள்வாரும் உளர். இரண்டாவது பொருளைக் கொண்டால், உறுப்புக் குறை எவர்க்கும் பழியாகாது என்பது வள்ளுவர் கருத்தாகின்றது.

வழக்குச் சொற்களும் மாறி வந்துள்ளன. ‘ஊனமுற்றோர்’ என்பதற்கு மாற்றாக ‘மாற்றுத்திறனாளிகள்’ என்னும் சொல் 2010 அளவில் தமிழ்நாட்டு அரசு வழக்கில் நிலைபெற்றது. மலேசியாவில் ‘உடற்பேறு குறைந்தோர்’ என்னும் தொடரும் வழங்கி வருகின்றது. எனினும் சொல் மாறியதனாலேயே கதை மாறிவிடுவதில்லை. கதையின் முடிவில் அச்சிறுமி எங்கு நிற்கிறாள் என்பதைக் கொண்டே பார்வை மாறியதா என்பதை அளவிட இயலும்.

குணமான பின்னரே பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்பிள்ளைகளுக்கான புகழ்பெற்ற இரு கதைகளை இங்கு எடுத்துக்கொள்வோம். சூசன் கூலிட்ஜ் 1872இல் வெளியிட்ட ‘வாட் கேட்டி டிட்’ புதினத்தில், ஊஞ்சலிலிருந்து விழுந்து நடக்க இயலாமற்போன கேட்டி வீட்டின் மாடியறையில் ஆண்டுக்கணக்கில் முடங்குகிறாள். துன்பமே அவளுக்கு வாய்த்த பள்ளி என்று நோயுற்ற உறவினளான ஹெலன் அறிவுறுத்துகிறாள். பொறுமையும் இன்சொல்லும் கற்றுத் தேர்ந்தபின் கேட்டி எழுந்து நடக்கிறாள். அவள் விடுதிப் பள்ளிக்குச் செல்லும் கதை, 1873இல் வெளிவந்த அடுத்த நூலிலேயே இடம்பெறுகின்றது. அதாவது, குணமான பின்னரே பள்ளிக் கதவு திறக்கிறது.

யோகன்னா ஸ்பைரியின் ‘ஹைடி’ (1880, 1881) கதையில் வரும் கிளாராவின் நிலையும் இதற்கு நெருக்கமானது. சக்கர நாற்காலியில் இருக்கும் அவளுக்கு ஃபிராங்க்ஃபர்ட் மாளிகையிலேயே ஆசிரியர் ஒருவர் வந்து பாடம் சொல்கிறார். இரண்டாம் பாகத்தில் ஆல்ப்ஸ் மலையில் பொறாமை கொண்ட பீட்டர் அந்நாற்காலியை உருட்டிவிட்டு உடைக்கிறான். கிளாரா நடக்கத் தொடங்குகிறாள். நாற்காலி அழிந்தால் விடுதலை என்பதே இதன் உட்பொருள்.

சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவரான ஆங்கில எழுத்தாளர் லோயிஸ் கீத், 2001இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இத்தகைய கதைகளை ஆராய்ந்து, இறப்பு அல்லது குணம் ஆகிய இரு முடிவுகளே அப்பெண்பிள்ளைகளுக்கு மிகுதியும் வழங்கப்பட்டதைக் காட்டினார். குறையோடு வளர்ந்து, குறையோடு படித்து, குறையோடு வாழும் பெண்ணுக்கு அங்கு இடமில்லை.

தமிழாசிரியர்கள் பலரும் அறிந்த ‘டோட்டோ-சான்’ இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. டெட்சுகோ குரோயநாகி 1981இல் எழுதிய இந்நூல் நேஷனல் புக் டிரஸ்ட் வழியே தமிழிலும் வந்துள்ளது. இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட யாசுவாகி-சானும், உடல் வளர்ச்சி நின்றுபோன தாகாஹாஷியும் தோமோயே பள்ளியில் மற்றவரோடு சேர்ந்தே பயில்கின்றனர். தாகாஹாஷி வெல்லத்தக்க வகையில் விளையாட்டுப் போட்டிகளைத் தலைமையாசிரியர் கோபயாஷி அமைக்கிறார். வகுப்பில் வால் பற்றிப் பேசுகையில் தாகாஹாஷியை நோக்கி விளையாட்டாக வினவிய ஆசிரியையைப் பிள்ளைகள் காணா இடத்தில் அவர் கடிந்துகொள்ளும் காட்சி, ஆசிரியப் பயிற்சி பெறுவோர் அனைவரும் படிக்கவேண்டிய பகுதியாகும். இங்கு மாறுவது பிள்ளையின் உடல் அன்று, பள்ளியின் ஏற்பாடு. ஆயினும் இது நினைவுநூல், அவ்விருவரும் சிறுவர்கள், அவர்களை நாம் காண்பதும் டோட்டோ-சானின் கண்வழியாகவே. மாற்றுத்திறன் சிறுமியே தன் கதையைக் கூறுவதற்கு மேலும் சில பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

மறைத்தலே நுழைவுச் சீட்டு

2019இல் வெளிவந்த ‘கேன் யூ சீ மீ?’ (என்னைக் காண்கிறீர்களா?) என்னும் ஆங்கிலப் புதினம் நம் தலைப்பிற்கு நேரடியாகப் பொருந்துவது. இதனை எழுதியோர் இருவர். ஒருவர் ஆசிரியராகப் பணியாற்றிய ரெபேக்கா வெஸ்ட்கோட். மற்றவர் ஆட்டிசம் உடைய சிறுமியான லிபி ஸ்காட். கதைத்தலைவி டேலி, பதினொரு வயதில் இடைநிலைப்பள்ளியின் முதலாண்டில் சேர்கிறாள். அவளுக்கும் ஆட்டிசம் உண்டு. கதையினூடே வரும் அவளது நாட்குறிப்புகள் லிபி ஸ்காட்டின் பங்களிப்பாகும்.

டேலியிடம் எவரும் குணமாகிவிடுமாறு கேட்கவில்லை. எனினும் புதிய பள்ளியில் ஏற்கப்பட வேண்டுமெனில் தன் இயல்பை மறைக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்கிறாள். இரைச்சல், நெருக்கடி, திடீர் மாற்றம் ஆகியவற்றால் எழும் தவிப்பை நாள் முழுதும் அடக்குகிறாள். அடக்கியது வீட்டில் வெடிக்கிறது. அவள் அணிய விரும்பும் புலி முகமூடி அவளுக்கு அமைதி தருகிறது. ஆனால் பள்ளியில் அவள் அணிந்திருக்கும் முகமூடியோ கண்ணுக்குத் தெரியாதது. அதுவே அவளை வருத்துவது.

இவற்றை ஒப்பிட்டால் ஒரு வளர்ச்சி புலப்படும். கேட்டிக்கு நுழைவுச் சீட்டு குணம். டேலிக்கு நுழைவுச் சீட்டு மறைத்தல். இரண்டிலும் விலை கொடுப்பவள் சிறுமியே. ஆனால் பின்னைய கதை அந்த விலையைப் பண்பு எனப் போற்றாமல், அநீதி என வாசகரை உணரச் செய்கிறது.

ஷாரன் டிரேப்பரின் ‘அவுட் ஆஃப் மை மைண்ட்’ (2010) புதினமும் இத்தகையதே. பெருமூளை வாதத்தால் நடக்கவும் பேசவும் இயலாத மெலடி, சிறப்பு வகுப்பிலிருந்து பொது வகுப்பிற்கு வந்து, பேச்சுக் கருவியின் துணையோடு வினாடி வினாக் குழுவில் இடம் பெறுகிறாள். இறுதிப் போட்டிக்குக் குழுவினர் முன்னதாகவே விமானமேறிவிடுகின்றனர். அவளை அழைத்துச் செல்லவில்லை. அவளைத் தடுத்தது அவளது உடலன்று; பிறரின் செயல். மாற்றுத்திறன் குறித்த சமூக மாதிரி என்று மைக்கேல் ஆலிவர் 1983இல் பெயரிட்டு விளக்கிய கருத்தும் இதுவே. உடற்குறை ஒருவரிடம் உள்ளது. முடக்கமோ சமூகத்தின் ஏற்பாட்டில் உள்ளது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அவ்வாயில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சட்ட நிலையில் மலேசியா குறிப்பிடத்தக்க படிகளைக் கடந்துள்ளது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (சட்டம் 685) 28ஆம் பிரிவு, குறையைக் காரணங்காட்டி எவரையும் பொதுக்கல்வியிலிருந்து விலக்கலாகாது என்கிறது. 2010இல் நாடு ஐக்கிய நாட்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகள் சிறப்புப் பள்ளி, ஒருங்கிணைப்புத் திட்டம், உள்ளடங்கு கல்வித் திட்டம் என மூவகை வாய்ப்புகளை வகுத்தன. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளைப் பள்ளிகள் மறுக்கலாகாது என்னும் கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தது.

நகரமும் இவர்களை அறியாததன்று. 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இயங்குகின்றது. அங்குள்ள நடைபாதைகளில் வெண்கோல் ஊன்றிச் செல்வோரும், காலடியில் உணரத்தக்க புடைத்த ஓடுகளும் அன்றாடக் காட்சி. கோயிலுக்கும் பூக்கடைக்கும் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் அவர்களுக்கு வழிவிட்டே நடக்கின்றன. ஆனால் இவ்வளவு அருகிலிருந்தும் இக்காட்சி நம் வகுப்பறைகளில் படிக்கப்படும் கதைகளுக்குள் அரிதாகவே நுழைகின்றது.

நாட்டிலுள்ள 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் யாவும் தொடக்கப்பள்ளிகளே. எனவே ஆறாம் ஆண்டை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இடைநிலைப்பள்ளி என்பது மொழி மாற்றமுமாகும். கருநீலச் சீருடை வெளிர்நீலமாவதோடு, தமிழில் கேட்ட கணிதமும் அறிவியலும் மலாயில் ஒலிக்கத் தொடங்குகின்றன. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதோர் முதலாம் படிவத்திற்குமுன் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயில நேரிடுகிறது.

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஊன்றுகோலோடு ஆறாண்டு பயின்ற சிறுமி ஒருத்தியைக் கற்பனை செய்வோம். அங்கு அவளை எல்லாரும் அறிவர். புத்தகப்பையை எவர் தூக்குவது, சபைகூடலில் அவள் எங்கு அமர்வது என்பதெல்லாம் பேசாமலே முடிவானவை. புதிய பள்ளியில் அறிவியல் கூடம் ஒரு கட்டடத்தில், வாழ்வியல் திறன் பட்டறை வேறொரு கட்டடத்தில், வகுப்பறையோ மூன்றாம் மாடியில். மின்தூக்கி இல்லை. தனக்கு என்ன தேவை என்பதை அவள் இன்னும் தடுமாறும் மொழியில் கேட்க வேண்டும். டேலிக்கு ஒரு வாயில்; இவளுக்கு இரண்டு. படிக்கட்டையும் மொழியையும் ஒரே காலையில் அவள் கடக்க வேண்டியுள்ளது. இந்த இரட்டை வாயில் எந்த ஆங்கிலக் கதையிலும் கிட்டாது; தமிழ்ச் சிறுவர் கதையே இதனை எழுத இயலும்.

தமிழ் வகுப்பு என்னும் மூன்றாம் வாயில்

இதனினும் நுட்பமான இழப்பு ஒன்றுண்டு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் வேண்டினால் தேசியப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்படலாம். ஆயினும் பல இடங்களில் அவ்வகுப்பு கால அட்டவணைக்கு வெளியே, பள்ளி முடிந்தபின் நடைபெற்று வந்துள்ளது. மற்ற மாணவர்க்கு அது ஒரு மணிநேரத் தாமதம். வேனை நம்பி வரும் மாற்றுத்திறன் மாணவிக்கோ வீடு திரும்பும் வழியே அடைபடுகிறது. அவள் முதலில் கைவிட நேரும் பாடம் தமிழாகவே இருக்கக்கூடும்.

இதனை நாம் பிறர்மீது பழியாகக் கூறவில்லை. முனைவர் பட்ட ஆய்விற்காக வெளிநாடு செல்லுமுன் நாம் இடைநிலைப்பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்தோம். காலில் இரும்புச் சட்டம் அணிந்த மாணவி ஒருத்தி முதல் இரு வாரங்கள் வந்து, பின் நின்றுவிட்டாள். வகுப்பு இரண்டாம் மாடியில் நடந்தது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ‘ஆர்வமில்லை’ என எழுதியவர் நாமே. வகுப்பைக் கீழ்த்தளச் சிற்றுண்டிச்சாலைக்கு மாற்ற ஒரு நாள் போதுமாயிருந்தது. அவ்வெண்ணம் அன்று நமக்குத் தோன்றவில்லை. அத்தகைய காட்சி ஒன்றை நாம் எந்தக் கதையிலும் படித்திருக்கவில்லை என்பதும் அதற்கொரு காரணம் எனக் கருதுகிறோம். புனைகதை பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஆசிரியருக்கும் கற்பனையைத் தருவது.

எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்கும்

சிறுவர்கதை எழுதுமாறு நம் மாணவர்களைப் பணிக்கும்போது, மாற்றுத்திறன் சிறுமி பெரும்பாலும் ஓவியப் போட்டியில் முதற்பரிசு பெறுகிறாள். கேலி செய்தோர் கண்ணீர் விடுகின்றனர். இக்கதைகளில் நல்லெண்ணம் உண்டு. ஆனால் பரிசு பெறாத சிறுமிக்கு வகுப்பில் இடமுண்டா என்னும் வினாவிற்கு அவற்றில் விடையில்லை. சராசரி மதிப்பெண் பெறவும், தோழியோடு சண்டையிடவும், வீட்டுப்பாடம் செய்யாமல் திட்டு வாங்கவும் அவளுக்கும் உரிமையுண்டு.

எனவே ஒரு கதையைத் தேர்ந்தெடுக்குமுன் ஆசிரியர்கள் மூன்று வினாக்களை எழுப்பலாம். முதலாவது, கதையைச் சொல்லும் குரல் யாருடையது? அவளுடையதா, அவளைக் கண்டு இரங்குபவருடையதா? இரண்டாவது, கதையின் சிக்கல் எங்குள்ளது? அவளது காலிலா, படிக்கட்டிலா? மூன்றாவது, முடிவில் மாறியது யார்? அவள் மட்டும் மாறியிருப்பின் அது கேட்டியின் கதையே. பள்ளியும் மாறியிருப்பின் அது புதிய கதை. மேலும், வகுப்பில் அத்தகைய மாணவி இருப்பின், கதையைப் படிக்குமுன் அவளைச் சான்றுப் பொருளாக்காதிருத்தல் வேண்டும். கோபயாஷி கடிந்துகொண்ட தவறு அதுவன்றோ?

முடிவுரை

மாற்றுத்திறன் சிறுமியைப் பற்றிய புனைகதை, குணம் வேண்டிய நிலையிலிருந்து மறைத்தலின் வலியை உணர்த்தும் நிலைக்கு வந்துள்ளது. அடுத்த நிலை, குணமும் மறைத்தலும் இன்றி அவள் நுழையத்தக்க பள்ளியைக் காட்டுவதாகும். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் அனுபவம் அதற்கு வளமான களமாகும். அக்கதை எழுதப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ் வகுப்பு எம்மாடியில், எம்மணிக்கு நடைபெறுகிறது என்பதைப் புதிய தவணையின் முதல் வாரத்திலேயே ஆசிரியர்கள் ஒருமுறை ஆராய்ந்து பார்த்தல் நலம்.