அப்பா ‘வென்டிலேட்டர் வேண்டாம்’னு எழுதி வச்சிருக்கார், மகன் ‘போடுங்க’ங்கிறார்... நர்ஸ் என்ன செய்யணும்?

செட்டிநாட்டில் பல வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். காரைக்குடியில் அப்பா ஐசியூவில் என்றதும் மகன் போனில், "நான் வர்ற வரைக்கும் எப்படியாவது வச்சிருங்க சிஸ்டர்" என்கிறார். ஆனால் ‘வென்டிலேட்டர் வேண்டாம்’ என்று எழுதிய தாளை அப்பா நர்ஸிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால்?

அதுதான் ‘லிவிங் வில்’. 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 2023-ல் நடைமுறை எளிதானது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்து போதும். குணமாக வழியே இல்லாத நிலையில்தான் இது செல்லும். இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சொல்லணும். நோயாளியால் பேச முடியாவிட்டால், உயிலில் அவர் குறிப்பிட்டவர்களின் சம்மதம் வேண்டும். மகன் என்பதால் மட்டும் அந்த இடம் கிடைத்துவிடாது.

நர்ஸ் தானாக முடிவெடுக்க முடியாது. மகனுக்குப் பயந்து தாளை மறைப்பதும் தப்பு. உடனே டாக்டரிடம் கொடுத்து, நர்சிங் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதணும். மகனுக்கு விளக்குவது டாக்டர் பொறுப்பு. ராத்திரி போனை எடுப்பதென்னவோ நர்ஸ்தான்!

இந்தச் சட்டத்தின் பின்னால் இருப்பதும் ஒரு நர்ஸ். மும்பை கேஇஎம் மருத்துவமனையின் அருணா ஷான்பாக், 1973-ல் தாக்கப்பட்டுச் சுயநினைவின்றிக் கிடந்தார். அவருக்கு உணவை நிறுத்தக் கோரிய மனுவை 2011-ல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. ‘நாங்க பாத்துக்கிறோம்’ என்று நின்றவர்கள் அந்த மருத்துவமனை நர்ஸுகள். அதுவரையான 37 ஆண்டுகளில் அவருக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவிடவில்லை.

வென்டிலேட்டர் வேண்டாம் என்றாலும் அந்தக் கவனிப்பு நிற்காது. வலி மருந்து, உதட்டை நனைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் தொடரும்.