சைக்கிளும் சரீரமும்

உத்திரமேரூர் ஏரிக்கரைப் பக்கத்துச் சாலைகளில் காலை வேளையில் நின்று கவனித்தால், தமிழக அரசு 2001ஆம் ஆண்டு முதல் படிப்படியாக விரிவுபடுத்தி, பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கிவரும் இலவச சைக்கிள்களில், நெட்டையரும் குட்டையரும் ஏறக்குறைய ஒரே அளவு வண்டியின்மீது அமர்ந்து, முழங்கால் ஹாண்டில்பாரை இடிக்கவோ, பெடலை எட்ட இடுப்பை இருபுறமும் ஆட்டவோ செய்தபடி பிரயாணம் செய்வது புலப்படும். வண்டியைக் குறை கூறுவது நியாயமன்று; பெரும்பாலும் சீட்டின் அடியிலுள்ள போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்தினால் தீரக்கூடிய கஷ்டமே இது.

சீட்டில் அமர்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொணர்ந்து, அதன்மீது குதிகாலை வைக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அவ்வாறாயின், முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சுமார் 25 முதல் 30 பாகை வரை மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறமும், மிதமிஞ்சி உயர்ந்தால் பின்புறமும் நோவெடுக்கும். உட்கார்ந்தபடியே இரு பாதங்களும் தரையில் பதிய வேண்டும் என்னும் பெற்றோரின் பிடிவாதம்தான் பல துன்பங்களுக்கு மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். புதிதாகப் பழகுவோருக்கு மட்டுமே அது பொருந்தும். ஆனால் சீட் தண்டில் பொறித்த எல்லைக்கோடு வெளியே தெரியுமளவுக்கு உயர்த்தலாகாது. தண்டு முறிய இடமுண்டு.

ஹாண்டில்பாரைப் பிடிக்கையில் முழங்கை சற்றே மடங்கியிருத்தல் உத்தமம். முன்னே அதிகம் சாய்ந்தால் உள்ளங்கை மரத்துப்போகும். பாரமெல்லாம் பின்சக்கரத்தில் விழுந்தாலோ, முன்சக்கரம் பிடிப்பிழந்து மண்பாதைத் திருப்பங்களில் வழுக்கும். பின்கேரியரில் நெல் மூட்டை ஏற்றியவர்களுக்கு ஹாண்டில்பார் இலேசாகித் தடுமாறுவதன் ரகசியமும் இதுவே. எதையும் ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்குமேல் மாற்றாமல், சில நாள் ஓட்டிப் பார்த்தபின் அடுத்த மாற்றத்தைச் செய்யலாம்.