இரண்டாம் வகுப்புப் பாடம்

‘அசர்’ என்ற கல்வி நிலை ஆண்டறிக்கைக்காகக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறார்கள். எழுத்து, சொல், எளிய பத்தி, கடைசியாக இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு பாடம். கேரளத்தில் 2018இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 52.1 சதவீதம் பேர் அந்தப் பாடத்தை வாசித்தார்கள். 2022இல் வாசித்தவர்கள் 38.7 சதவீதம். அதே காலத்தில் நாட்டின் சராசரி 27.3இலிருந்து 20.5க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் 10.2 இருந்தது 4.8 ஆனது.

இறங்கிய பிறகும் கேரளம் நாட்டின் சராசரியைவிட மேலேதான் நின்றது. ஆனால் கோட்டயத்து மலையாள வழிப் பிள்ளையும் மூணாறு தேயிலை எஸ்டேட்டின் தமிழ் வழிப் பிள்ளையும் அந்த ஒரே எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள்.

கேரளத்தில் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச் 11 முதல் மூடப்பட்டன. மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1. இடைவெளி ஏறத்தாழ இருபது மாதம். திறந்தபோதும் பாதி நாள் வகுப்பு, பிள்ளைகளை அணி பிரித்து முறைவைத்து அழைத்தார்கள். 2022 ஜனவரி 21 முதல் பிப்ரவரி 13 வரை மறுபடி மூடல். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை, வகுப்பறைக்குள் முதல்முறையாகக் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. தேர்வில்லாமல் எல்லோரும் மேல் வகுப்புக்கு ஏற்றப்பட்டிருந்தார்கள்.

மூடிய பள்ளிக்கு மாற்றாக 2020 ஜூன் 1 முதல் கேரள அரசின் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் நடந்தன. சிறு வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம். முதன்மை ஒளிபரப்பு மலையாளத்தில். தமிழ் வழிப் பாடங்கள் பெரும்பாலும் யூடியூப் வழியாக வந்தன. அதற்குப் போன் வேண்டும், போனுக்கு ரேஞ்ச் வேண்டும். மூணாறு மலையில் பல எஸ்டேட்டுகளில் அப்போது ரேஞ்ச் இல்லை. ராஜமலைச் சாலையோரம் பிள்ளைகள் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு போனில் பாடம் பார்த்த படங்கள் 2021இல் செய்தித்தாள்களில் வெளிவந்தன. அதே ராஜமலைப் பகுதியில், பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை மூடியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 70 பேர். வெளியே செய்தி வந்தது மறுநாள் காலையில்தான். எழுபது பேர் போன சேதியையே உடனே சொல்ல முடியாத தொலைத்தொடர்பை நம்பித்தான் எழுத்துக் கற்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

தமிழ் எழுத்து 247. வடிவங்கள் ஒரு முறைக்குள் அடங்குபவை. ஆனால் அந்த முறையைக் குழந்தைக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும். தேயிலைத் தளிரைக் குறிக்கும் ‘கொழுந்து’ என்ற சொல்லை எஸ்டேட் பிள்ளை பேச்சு வந்த நாளிலிருந்து கேட்கிறது. தாளில் அதன் முதல் எழுத்துக்கு முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு துணைக்கால். இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்லத் தெரியாத பிள்ளை ‘கெ’ என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் நின்றுவிடும். விரல் பின்னுக்கு வரும். மறுபடி தொடங்கும். இப்படி ஒவ்வொரு சொல்லிலும் நின்றால், வரி முடியும்போது வரியின் தொடக்கம் நினைவில் இருக்காது. மேல் வகுப்புகளில் அறிவியலும் கணக்கும் முழு வாக்கியங்களாக வருகின்றன. அவற்றை வாசிக்கத் தெரியும் என்று பாடநூல் எடுத்துக்கொள்கிறது.

புதிதாகக் கற்காமல் போனது ஒரு பகுதி இழப்பு. கற்றதை மறந்தது மறு பகுதி. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களில் 16,067 அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தது. முந்தைய ஆண்டு தெரிந்திருந்த மொழித் திறன்களில் குறைந்தது ஒன்றையாவது இழந்தவர்கள் 92 சதவீதம்.

பள்ளி திறந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கு எதிராக, கொரோனாவுக்கு முந்தைய சான்று ஒன்று இருக்கிறது. 2005 அக்டோபர் 8இல் பாகிஸ்தானின் வடக்கில் நிலநடுக்கம். பள்ளிகள் சராசரியாக 14 வாரம் மூடிக் கிடந்தன. நான்கு ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது வீடுகள் எழும்பியிருந்தன, பள்ளி வயதுப் பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் பெரும்பாலும் தேறியிருந்தார்கள். படிப்பில் மட்டும், நிலப்பிளவுக்கு அருகில் இருந்தவர்கள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பின்தங்கியிருந்தார்கள். மூடியிருந்தது மூன்று மாதத்துக்குச் சற்று மேல். பின்னடைவு அதைப்போல் பல மடங்கு. பள்ளி திறந்த பிறகும் பாடம் பிள்ளை நின்ற இடத்துக்குத் திரும்பி வராமல் முன்னே போய்க்கொண்டிருந்தது என்பதே பொருந்தும் விளக்கம். தொடக்கக் கல்வி முடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் இந்தப் பின்னடைவு காணப்படவில்லை. ஆனால் மூணாறில் தாய் எவ்வளவு படித்திருந்தாலும், காலையில் கொழுந்து பறிக்கப் போனால் லயத்துக்குத் திரும்ப மாலையாகிவிடும்.

மீட்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளால் வந்தது. ஊர்த் தன்னார்வலர், வீட்டுத் திண்ணை, சிறு குழு. செலவு பெரிதில்லை. அது தமிழ்நாடு அரசின் திட்டம். மூணாறிலிருந்து சுமார் 42 கிலோமீட்டரில் உள்ள போடிமெட்டோடு தமிழ்நாட்டின் எல்லை முடிகிறது.

2024 ஆகஸ்டில் கேரள அரசு ஒரு முடிவெடுத்தது. எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 30 சதவீத மதிப்பெண் கட்டாயம்: 2024-25இல் எட்டாம் வகுப்புக்கு, அடுத்த ஆண்டு ஒன்பதுக்கு, 2026-27இல் பத்துக்கு. எட்டாம் வகுப்பின் முதல் தேர்விலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாணவர் ஏதாவது ஒரு பாடத்திலாவது அந்த அளவைத் தொடவில்லை. அவர்களுக்குச் சிறப்பு வகுப்பும் மறுதேர்வும் உண்டு. ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், 2020 மார்ச்சில் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள்தான் இந்த விதியை மூன்று வகுப்புகளிலும் சந்திக்கும் முதல் அணி. அவர்களாவது எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு பள்ளி மூடப்பட்டவர்கள். பள்ளி மூடியிருந்த 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 2027 ஜூனில் எட்டாம் வகுப்புக்கும், 2030 மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கும் வருகிறார்கள்.